கைராசிக்காரி

கண்ணாடிக் கூடத்தின் பூட்டைத் திறந்து கதவை இழுத்ததும் முதலில் முகத்தில் வந்து மோதியது ஸ்பிரிட் வாடை.

காலை ஏழு மணிக்கு அந்தக் கூடத்தில் என்னென்ன மணக்கும் என்பது சின்னவளுக்கு மனப்பாடம். ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த ஈரமண்ணின் புழுக்கம், வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர் குழாயின் நாற்றம், அதற்கெல்லாம் மேலாக எண்ணூறு தொட்டி சால்வியாப் பூச்செடியும் ஒன்றாக மூச்சு விடுகிற அந்தக் கசப்பும் காரமும் கலந்த இலைவாசனை. ஸ்பிரிட் அதில் சேர்த்தி இல்லை. பாட்டிலைத் திறந்தால்தான் ஸ்பிரிட் மணக்கும், பாட்டிலைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான், அவளோ இப்போதுதான் உள்ளே கால் வைக்கிறாள். அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

கூடத்துக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. மற்றது அவள் அக்காவுடையது. அக்கா போய் மூன்று மாதமாக அது அத்தானின் மேசை இழுப்பறையில் கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கிறது. அந்த இழுப்பறையைத் திறக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் அவர்.

முதல் வரிசையில் குனிந்தாள். நேற்று மாலை வரை ஒவ்வொரு கணுவிலும், தண்டும் இலைக்காம்பும் சேர்கிற இடுக்கில், வெள்ளையாகப் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி. நசுக்கினால் ஆரஞ்சு நிறத்தில் சாறு விடும். இப்போது ஒன்றுகூட இல்லை. கணுக்கள் பச்சையாக, ஈரமாக இருந்தன. இலைமேல் இருக்கும் பூனைமயிர் ஒரே பக்கமாகப் படிய வாரிவிடப்பட்டிருந்தது. இரண்டாம் வரிசையும் அப்படியே. மூன்றாவதும். நான்காவதில்தான் வெள்ளை மறுபடி ஆரம்பித்தது.

பயந்துபோனாள் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பொய் எதற்கு? அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வருவதாக இருந்தது. எண்ணூறு தொட்டியும் கப்பல் ஏறவேண்டியவை. ஒரே ஒரு தொட்டியில் ஒரே ஒரு பூச்சி அகப்பட்டால் போதும், மொத்தத்தையும் கொளுத்தச் சொல்லிவிட்டு, கூடத்துக்கு ஆறு மாதம் சீல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அத்தான் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "இந்த லாட் பாஸாச்சுன்னா கூடம் உன் பொறுப்பும்மா. இல்லன்னா எல்லாத்தையும் இழுத்து மூடிட்டுப் போயிடறேன். எனக்கு இதுல மனசே ஒட்டல." நாற்பத்தொரு வயதில், முதல் தடவையாக ஒன்று அவளுடையது ஆகப்போகிறது. அதைவிட அவளுக்குப் பெரிது இன்னொன்று. சின்னவளுக்குக் கைராசி உண்டு என்று நாலு பேர் வாயால் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் பண்ணை முழுக்க நேர்மாறாகத்தான் பேச்சு. பெரியவள் காய்ந்த குச்சியை நட்டாலும் தளிர்க்கும், சின்னவள் தொட்டால் தளிரும் கருகும். இந்தப் பேச்சை ஆரம்பித்ததே அக்காதான். வஞ்சகமாக இல்லை, விளையாட்டாக. "நீ தள்ளி நின்னு பாரு தங்கம், கையை மட்டும் வெச்சுடாத," என்று வாங்க வந்தவர்கள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சின்னவளும் சேர்ந்து சிரிப்பாள். இருபது வருஷம் அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே என்ன ஊறிக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மருந்துக்காரர் ஏழரைக்கு வந்தார். பண்ணையில் மருந்தடிக்கிறவர். இந்த மூன்று மாதத்தில் ஆளுக்குப் பத்து வயது கூடிப்போயிருந்தது. இப்போதெல்லாம் கூடத்துக்குள் வருவதில்லை, வாசலோடு நின்றுவிடுகிறார்.

"ராத்திரி யாராவது உள்ள வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு சின்னம்மா."

"மூணு வரிசை சுத்தமா இருக்கு."

அவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். வாரிவிட்ட இலைகளைப் பார்த்தார். "பெரியம்மா பண்ணின மாதிரியே இருக்கு," என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் பண்ணினது. நேத்து சாயங்காலம் உக்காந்து பண்ணினேன்."

"நல்லதும்மா." போகத் திரும்பியவர் நின்றார். "காதுக்குப் பின்னாடி பவுடர் திட்டா இருக்கு பாருங்க."

அவள் பவுடர் போடுகிறவள் இல்லை. தடவிப் பார்த்தாள். பிசுக்கென்று ஏதோ விரலில் ஒட்டியது. துணியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அக்காவின் முறை பண்ணையில் எல்லாருக்கும் தெரியும். படம் வரைகிற சின்ன பிரஷ், ஒரு கிண்ணியில் ஸ்பிரிட், இடது கையில் தகர டப்பா. பிரஷை நனைத்து இடுக்குக்குள் விடுவாள், பூச்சியைத் தூக்குவாள், டப்பா விளிம்பில் ஒரு தட்டு. டக். மறுபடி தொட்டு, தூக்கி, டக். கொல்லப்போவதையும் கொஞ்சாமல் அவளால் எடுக்க முடியாது. "இறங்கு தங்கம், இறங்கு இறங்கு" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுப்பாள். புகைமருந்து போட்டுவிடலாமே என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "புகை போட்டா வெளிய இருக்கறது சாகும். இடுக்குல இருக்கறது உக்காந்து சிரிக்கும்."

பூச்சியைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததே சின்னவள்தான். வெளியிலிருந்து வருகிற செடியைப் பத்து நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், அது பண்ணையின் சட்டம். அக்காவுக்குத் தெரியாமல் ஓர் ஊதா ரகத்தை முப்பது தொட்டி வாங்கி வந்து, தானும் ஒரு ரகம் வளர்த்துக் காட்டவேண்டும் என்கிற ஆசையில், வந்த அன்றே உள்ளே அடுக்கிவிட்டாள். மூன்றாம் வாரம் அக்கா கண்டுபிடித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். தோளில் கை போட்டு, "சாவியை நாளைக்கு என்கிட்ட குடுத்துடு. நீ முன்னாடி கடையில உக்காரு. செடியெல்லாம் உனக்கு வேண்டாம்டா, அத்தான்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். அந்தப் பரிவைத்தான் சின்னவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவைக் கேட்காமலே மருந்துக்காரரைப் புகை போட வரச்சொன்னாள். அக்கா சாப்பிடப் போகிற நேரம் அது. அன்று போகவில்லை, கடைசி மேசைக்குப் பின்னால் மண்டியிட்டு பிரஷ்ஷும் டப்பாவுமாக இருந்தாள். அது சின்னவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? கூடத்துக்குள் வெளிச்செருப்போடு போகக்கூடாது, மண்ணோடு பூச்சி வரும். வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பண்ணையில் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை, வாசலைத்தான் பார்ப்பார்கள். அக்காவின் நீலவார்ச் செருப்பு வாசலில்தான் கிடந்தது. சின்னவள் அதைக் காலாலேயே தள்ளி, காலித் தொட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் ஒளித்தாள்.

"உள்ள யாரும் இல்லையே சின்னம்மா?" என்று மருந்துக்காரர் கேட்டார்.

"செருப்பு இருக்கா பாருங்க."

பார்த்தார். இல்லை. பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

புகையைப் பற்றவைத்து, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டு அவர் முன்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் வந்தது. முதலில் நிதானமாக. பிறகு வேகமாக. சின்னவள் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். மோட்டார் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. ஏதோ ஆத்திரத்தில் ஒரு நொடியில் நடந்துபோய்விட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு நொடியாம்! மோட்டார் அறை இருபத்திரண்டு அடி தள்ளி இருக்கிறது. நடக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், இருட்டில் சுவிட்சைத் தேட வேண்டும்.

ஆட்கள் கூடுவதற்குள் செருப்பை எடுத்துப் பழையபடி வாசலில் வைத்தும் விட்டாள். "செருப்பு கிடக்கே, கண்ணு என்ன பொட்டையா?" என்று ஊரே மருந்துக்காரரைக் கேட்டது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். அந்த மனுஷன் அன்றிலிருந்து தன் கண்ணையே நம்பாமல் திரிகிறார். இடுக்கில் இருந்த பூச்சிகளோ, அக்கா சொன்னபடியே, ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வந்தன.

மூன்று வரிசை சுத்தமான அந்தத் திங்கட்கிழமை மாலை குளிக்கும்போது காதுக்குப் பின்னால் மறுபடி அந்தப் பிசுக்கு. கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். காதுமடல் தலையோடு சேர்கிற மடிப்பில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் பஞ்சு. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் ஆரஞ்சுச் சாறு. செடியிலிருந்து ஒட்டியிருக்கும், பண்ணையில் வேலை செய்தால் இதெல்லாம் சகஜம்தானே என்று சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தாள். மறுநாள் எழுந்தபோது தலையணை உறையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் தலை இருந்த பள்ளத்தைச் சுற்றி, வரிசையாக.

செவ்வாய்க்கிழமை எட்டு வரிசை சுத்தம்.

அத்தான் வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கூடத்து வாசல் வரை வந்தவர், ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார், இன்னொன்றைப் புரட்டினார், கண் கலங்கிவிட்டார். "உன் கையாம்மா இது? உங்கக்கா இருந்து பார்த்திருக்கணும்," என்றார். "சின்னம்மாவுக்கு இப்பதான் கை வந்திருக்கு," என்று தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்தச் சொல்லைக் காதில் வாங்கியபோது சின்னவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. யார் சுத்தம் பண்ணுகிறார்கள் என்கிற கேள்வியை எடுத்துத் தூரப் போட்டாள். கிடைக்கிறபோது ஏன், எதற்கு என்று யார் கேட்பார்கள்?

அன்று முழங்கை மடிப்பில் நாலைந்து இருந்தன. கால்விரல் இடுக்குகளில் இருந்தன. அக்குளில் எத்தனை என்று எண்ணவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தோல் தீயாக எரிந்தது. ஒவ்வொன்றும் தொட்டவுடன் வெளுப்பு கரைந்து ஆரஞ்சாகி, ஆறு மெல்லிய கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு செத்தது. எடுத்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி. அங்கே அது வாயைப் பதித்து உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

புதன்கிழமை பதின்மூன்று வரிசை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நிழல்வலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. கரண்ட் போய் மின்விசிறிகள் நின்றிருந்தன. ஆட்கள் எல்லாம் முன்பக்கம் மூட்டை இறக்கப் போய்விட்டார்கள். கூடத்தின் நடுப்பாதையில் தனியாக நின்று, பதினான்காம் வரிசையில் ஒரு செடியின் தண்டைப் பிடித்துக் குனிந்தவளுக்கு, அடுத்த மேசைக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பூனைமயிர் அடர்ந்த இலைமேல் பிரஷ் போகிற சத்தம். சர்ர். நின்றது. மறுபடி சர்ர். நின்றது. ஸ்பிரிட் வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறியது. ஊதாப் பூங்கதிர்கள் அசையாமல் நின்றன. ஒன்றே ஒன்று மட்டும், யாரோ கையால் ஒதுக்கிவிட்ட மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

அவள் காத்திருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. சர்ர். பிறகு ஒன்றுமில்லை. சர்ர். ஒன்றுமில்லை.

டப்பா. டப்பாவில் தட்டுகிற டக் கேட்கவே இல்லை.

அப்படியானால் எடுத்த பூச்சி எங்கே போகிறது?

சர்ர் என்றது. பின்கழுத்தில் ஈரமாக, குளிர்ச்சியாக, நாலைந்து மயிர் மட்டும் படுகிற மாதிரி ஒரு தொடுகை. மெத்தென்று எதையோ வைத்துவிட்டு விலகியது.

கத்தினாளா என்று அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்து, பூட்டி, சாவியைச் சங்கிலியோடு பிடுங்கி வீசப்போய், வீசாமல், கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். பின்கழுத்தைத் தடவினாள். இருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் நிறைய இருந்தன.

அதன் பிறகு அன்று கூடத்துக்குள் போகவே இல்லை. அறைக்குள் அடைந்து கிடந்தாள். போகாவிட்டால் என்ன? அறையில் செடி இல்லை, இலை இல்லை, ஆனால் விளக்கை அணைக்கக்கூட நேரம் கொடுக்காமல் முதுகில், முழங்காலுக்குப் பின்னால், மூக்கு கன்னத்தோடு சேர்கிற மடிப்பில், சீராக, அவசரமில்லாமல், ஒன்று மாற்றி ஒன்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா எப்போதும் அப்படித்தான். ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை காலை முழுக்கைச் சட்டையும் கழுத்தைச் சுற்றித் துணியும் கையுறையுமாக வெளியே வந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்றே எண்ணினாள். பதினெட்டு வரிசை. மிச்சம் இரண்டு.

மருந்துக்காரர் அவளைத் தேடி வந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"சின்னம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் பாத்தப்ப செருப்பு இல்ல. சத்தியமா இல்ல. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க. இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்மா. வேலையை விட்டு நின்னுடறேன், வேற ஒண்ணும் வேண்டாம். வீட்டுல பிள்ளைங்ககூட என்னை ஒரு மாதிரி பாக்குதுங்க."

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவு பண்ணாமலே திறந்துவிட்டாள். அந்தக் கணத்தில் உடம்பு முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது எல்லாம் நின்றது. ஒரு காலும் அசையவில்லை. ஒரு வாயும் உறிஞ்சவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் தோல் அவளுடையதாக இருந்தது. பின்னால் யாரோ பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் சின்னவள் நாளைக்கு வரப்போகிற அதிகாரியை நினைத்தாள். அத்தான் கண் கலங்கியதை நினைத்தாள். இருபது வருஷத்துச் சிரிப்பை நினைத்தாள். இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள். பிறகு எங்கேயாவது பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம்.

"பாக்காம போட்டது உங்க தப்பு. எங்கக்காவைக் கொன்னுட்டு என்கிட்ட வந்து சாட்சி கேக்கறீங்களா?" என்றாள்.

அவர் குனிந்தார். அவள் காலையே பார்த்தார். எறும்பு வரிசை ஒன்று கணுக்கால் வழியே ஏறி உடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. "உடம்பைப் பாத்துக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஊர்தல் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை மெதுவாக இல்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் இஷ்டத்துக்குப் பத்துத் தொட்டியை எடுத்து, தண்டைப் பிரித்து, இலையைப் புரட்டி, வேர்மண்ணைக்கூடத் தட்டிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம். சின்னவள் முகத்தில் மூடியும் கையில் உறையும் கழுத்தில் துணியுமாக ஓரமாக நின்றாள். நிற்பதற்கே பெரும்பாடாக இருந்தது. துணிக்கு அடியில் முழங்கையை மடக்கினால் நசுங்கியது, நிமிர்த்தினால் ஒட்டிப் பிரிந்தது.

"இருபது வருஷமா பாக்கறேன்," என்றாள் அதிகாரியம்மா. "குஞ்சுகூட இல்ல, முட்டைகூட இல்ல. யார் கை இது?"

"என் கை," என்றாள் சின்னவள். குரல் கரகரத்தது. நாக்குக்கு அடியில் ஏதோ தடித்திருந்தது.

"நீங்களும் மத்த எல்லாரையும் விடச் சுத்தம். கையுறை, முகமூடி எல்லாம் போட்டு எவ்வளவு பக்குவமா இருக்கீங்க!"

முத்திரை குத்தினார்கள். பகலுக்குள் எண்ணூறு தொட்டியும் லாரியில் ஏறிவிட்டன. மேசைகள் காலியாகின. கைதட்டினார்கள். தண்ணீர் ஊற்றுகிற பெண் ஒருத்தி, "கைராசின்னா சின்னம்மாதான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். எதற்காக அக்காவின் செருப்பைத் தள்ளினாளோ, அது கிடைத்துவிட்டது. செடியில் இனி ஒரு பூச்சி இல்லை, அக்காவுக்கு இனி எடுத்துவைக்க எதுவும் இல்லை என்று நினைத்தபோது, நான்கு நாளில் முதல் முறையாக முழுமூச்சு விட்டாள்.

அத்தான் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். பின்னால் டிராலிச் சக்கரங்கள் கடகடத்தன.

"சுத்துவட்டாரத்துல அஞ்சு பண்ணையில இதே பூச்சியாம்மா. அழறாங்க. நான் சொல்லிட்டேன், எங்க வீட்டுப் பொண்ணு கை பட்டா போதும், அனுப்புங்கன்னு. இனிமே இதுதான் உன் தொழில். ஊர்ப் பூச்சி எல்லாம் உன்கிட்டதான் வரும்!"

முதல் டிராலி உள்ளே வந்தது. செடிதானா அது? பச்சை என்று ஒன்று கண்ணில் படவில்லை. தண்டு வெள்ளை, காம்பு வெள்ளை, இலையின் அடிப்புறம் முழுக்கக் கட்டி கட்டியாக வெள்ளை, பூங்கதிர் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுத்திரி. பிசுக்கு சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் டிராலி. ஐந்தாம் டிராலி. மேசைகள் நிரம்பின. பாதைகளில் தரையிலும் அடுக்கினார்கள். நடுவில் சின்னவள் நின்றாள்.

"வேண்டாம்," என்றாள். முகமூடிக்குள் அது வேறு ஏதோ மாதிரி ஒலித்தது.

"பாத்தியா, தன்னடக்கத்தை!" என்று அத்தான் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"வேண்டாம் அத்தான்." வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு மெத்தென்று ஒட்டியிருந்தது.

"நாங்க நின்னா உனக்குத் தொந்தரவு. நீ ஆரம்பி." கதவு சாத்தப்பட்டது. காற்றில் பரவாமல் இருக்க இடைவெளிகளில் துணி அடைத்தார்கள். கால்சத்தங்கள் முன்பக்கம் போய்த் தேய்ந்தன.

வெயில். வெள்ளை வெயில். ஸ்பிரிட் வாடை.

கதவை நோக்கிக் காலெடுத்தாள். கால் வரவில்லை. தொடையும் தொடையும் பஞ்சாக ஒட்டிக் கிடந்தன. கையைத் தூக்கினாள். அக்குள் விடவில்லை.

சர்ர்.

ஒரு இலை தானாக நிமிர்ந்தது. மயிர் ஒரு பக்கமாகப் படிந்தது. இடுக்கிலிருந்து ஒரு வெள்ளை, வாலில் முட்டைப்பையோடு, மெல்ல எழும்பியது. காற்றில் நின்றது. நெஞ்சு உயரத்தில். அவளைப் பார்த்து வந்தது. அவசரமே இல்லை.

முகமூடி தானாக நழுவியது.

சர்ர். அடுத்த மேசையில். சர்ர். அதற்கடுத்ததில். இடதுபக்கம். வலதுபக்கம். தரையில். கூடம் முழுக்க, எல்லா மேசையிலும், ஒரே நேரத்தில்.

"இறங்கு தங்கம்," என்றது காதுக்குள். எத்தனை கனிவு. "இறங்கு, இறங்கு."

கண்ணோரத்தில் ஈரமாக ஒன்றை வைத்து, நகராமல் இருக்க, லேசாக அழுத்திவிட்டுப் போனது பிரஷ்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் சாய்ந்தது. கண்ணாடிச் சுவரில் கூடத்தின் பிம்பம் தெளிவாகத் தெரிந்தது. திறந்திருந்த ஒற்றைக் கண்ணின் மெல்லிய கீற்று வழியாக அவளுக்கும் தெரிந்தது. மேசை மேசையாக, இலை இலையாக, எல்லாம் பளிச்சென்ற பச்சை. அப்படி ஒரு சுத்தம் எந்தப் பண்ணையிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நடுப்பாதையில் மட்டும் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை நின்றுகொண்டிருந்தது. அவள் மூச்சை இழுத்தபோது அதன் மேலெல்லாம் லட்சம் கால்கள் ஒருசேர நகர்ந்து இடம் மாற்றிக்கொண்டன. முன்வாசலில் இன்னொரு லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.